லிஸ்பன் போய் வந்தேன், கண்ணில் எதுவுமே நிற்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

சன்னலோரம்:

போன மாதம் ஐந்து நாள் போர்த்துகலில், லிஸ்பனில் இருந்தேன். கைப்பேசியில் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தால், யாரோ எடுத்த படங்கள் மாதிரி இருக்கின்றன. மஞ்சள் டிராம், சாண்டா ஜுஸ்டா லிஃப்ட், ஆற்றோரக் கோபுரம், எல்லாம் போவதற்கு முன்பே நூறு முறை பார்த்தவை. நேரில் பார்த்ததும் "ஆமாம், அதேதான்" என்று ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மனதில் நிற்பதெல்லாம் வேறு. முதலில் தரை. அந்த ஊர் நடைபாதைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்ன வெள்ளைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள், கல்சாடா என்கிறார்கள். சுண்ணாம்புக் கல். பல வருடம் கால் பட்டுப் பட்டு மழமழவென்று ஆகிவிட்டது. ரோசியூ சதுக்கத்தில் கறுப்புக் கல்லை வைத்து அலை அலையாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். தரை சமம்தான், ஆனாலும் கால் தானாக ஏறி இறங்கப் பார்க்கிறது.

இரண்டாம் நாள் ஆல்ஃபாமா என்ற பழைய பகுதியில் தூறல். ஒரு சரிவில் இறங்கும்போது சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே ஜன்னலில் துணி எடுத்துக்கொண்டிருந்த பாட்டி போர்த்துகீசியத்தில் ஏதோ சொல்லிவிட்டு, சுவரைத் தட்டிக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நட என்கிறார். அப்புறம்தான் கவனித்தேன், அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் மழையில் அப்படித்தான் நடக்கிறார்கள். நடுவில் நடந்தது நான் ஒருவன்தான்.

அடுத்தது ஒரு சத்தம். அல்காந்தரா படகுத்துறைப் பக்கம் போனபோது தலைக்கு மேலே விடாமல் ஒரு ரீங்காரம், பெரிய தேன்கூட்டுக்கு அடியில் நிற்கிற மாதிரி. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நினைத்தேன். பார்த்தால் 'ஏப்ரல் 25' பாலம். வண்டி போகும் தடங்களில் சில இரும்புக் கம்பி வலைதானாம், டயர் உருளும்போது அது இரைகிறது. 1966-இல் திறந்தபோது சர்வாதிகாரி சலசாரின் பெயரை வைத்திருந்தார்கள். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு பெயர் மாறிவிட்டது. படத்தில் அது ஒரு சிவப்புப் பாலம். எனக்கு இப்போது அது ஒரு சத்தம்.

பிறகு கார்மோ மடாலயம். 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் விழுந்த கூரையைத் திரும்பப் போடவேயில்லை. வளைவுகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்கின்றன, நடுவில் புல், மேலே வானம். நிலநடுக்கம் வந்த அன்று புனிதர் அனைவரின் திருநாள், காலையில் தேவாலயங்கள் நிறைய ஜனம். அங்கே நான் படம் எடுக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை. எடுக்காததாலோ என்னவோ அது மட்டும் அப்படியே இருக்கிறது.

கேள்வி இதுதான். வெளிநாட்டில் பார்த்த ஊர் எதுவாவது கண் வழியாக இல்லாமல் காலாலோ காதாலோ மூக்காலோ உங்களிடம் தங்கியிருக்கிறதா? அடுத்த பயணத்தில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒற்றைச்செருப்பு:

வெனிஸ். எனக்கு அது முழுக்கக் காதில்தான் இருக்கிறது. கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, ஹாரன் இல்லை. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டு சந்து தள்ளி யாரோ சிரிப்பது கேட்கிறது. விடியற்காலையில் எழுப்பியது எது தெரியுமா? சக்கரம் வைத்த பெட்டி. பாலத்துப் படியில் டக், டக், டக் என்று இறங்கி, கொஞ்ச தூரம் உருண்டு, மறுபடி டக், டக். எல்லா ஊரிலும் விமானத்துக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள், இங்கேதான் அவர்கள் கிளம்புவது ஊருக்கே தெரிகிறது.

தொலைந்துபோனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் தங்கிய இடம் காஸ்டெல்லோ பகுதியில். வீட்டு எண்ணைத் தெருவுக்குத் தெரு போடுவதில்லை, ஊரை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டே போகிறார்கள். கையில் எண் இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு சந்தில் திரும்பினேன், நேராகத் தண்ணீர். திரும்பி வந்து இன்னொன்றில் போனேன், அதுவும் தண்ணீர். மஞ்சள் பலகையில் சான் மார்கோவுக்கு இடப்பக்கமும் அம்பு, வலப்பக்கமும் அம்பு. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன், இரண்டுமே போய்ச் சேர்கிறது!

பாறைப்பூ:

எல்லோரும் படத்தைத் திட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என்னை ஏமாற்றியது படம் இல்லை, கண்தான்.

ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில் நானும் மனைவியும் கார் எடுத்துக்கொண்டு போனோம். எதிரே லோமக்னூபூர் என்ற மலைமுகடு, செங்குத்தாக. "பத்து நிமிடத்தில் அடியில் இருப்போம்" என்றேன். அரை மணி நேரம் ஓட்டியும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. தூரத்தை அளக்க நம் கண்ணுக்கு மரம், வீடு, கம்பம் என்று ஏதாவது வேண்டும், அங்கே ஒன்றும் கிடையாது. காற்றும் அவ்வளவு தெளிவு. தூரத்து மலை மங்கித் தெரியும் என்றுதான் கண் பழகியிருக்கிறது. மங்கவில்லை என்றால் பக்கத்தில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது.

அதைத் தாண்டினால் ஸ்கெய்தாராசாந்தூர், கண்ணுக்கு எட்டியவரை கறுப்பு மணல். 1996-இல் வாட்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய தண்ணீர் சேர்ந்து சேர்ந்து நவம்பரில் ஒரேயடியாக வெளியேறியது. ஒரு பாலம் முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று பாதி உடைந்தது. இரண்டு உத்தரங்களை மட்டும் சாலையோரம் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் பழைய இரும்பு. பக்கத்தில் போய் நின்றால் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கியிருக்கிறது, வயிற்றைக் கலக்கியது. கொஞ்ச தூரத்தில் பழைய நீளப் பாலம் ஒன்று சும்மா நிற்கிறது. பனிப்பாறை பின்வாங்கியதில் ஆறு வேறு பக்கம் போய்விட்டது. பாலம் இருக்கிறது, ஆறு இல்லை.

அந்த உத்தரத்தின் பக்கத்தில் மனைவியை நிற்க வைத்து எடுத்த படம் ஒன்றுதான் இன்றைக்கும் அதன் அளவைச் சொல்கிறது. ஆகவே கைப்பேசியைப் பையில் போடாதீர்கள். ஆள் இல்லாமல் மலையை எடுக்காதீர்கள், அது போதும்.

மூக்கைப் பற்றிக் கேட்டதால்: ரெய்க்யவிக்கில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். குழாயில் எதுவோ செத்துக் கிடக்கிறது என்று தங்கிய வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பூமிக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர், கந்தக வாடை, இரண்டு நாளில் தெரியாது என்றார். நாற்றம் பழகிவிட்டது. என் வெள்ளி மோதிரம்தான் கறுத்துப்போனது.

நடுப்பக்கம்:

இஸ்தான்புல். எமினோனூ துறையில் ஏறி காடிக்கோய் துறையில் இறங்கும் படகு. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போகிறோம் என்று நான் பரபரத்துக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணாடிக் கோப்பையில் தேநீரைக் கலக்கியபடி செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீரில் தலையைத் தூக்கினார். கடற்காகம் ஒன்று கம்பியில் வந்து உட்கார்ந்ததற்காக. ஸ்பூன் கோப்பையில் படும் அந்தச் சின்னக் கிணுங்கல்தான் எனக்கு இஸ்தான்புல்.

சன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. பாறைப்பூ சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி படங்களைத் தோண்டினேன். ஆள் இருக்கும் படம் மொத்தமே ஒன்பது, அதில் நான்கு தெரியாதவர்களின் முதுகு. ஆனால் ஒரு வீடியோ கிடைத்தது. பாலத்தடியில் தெரியாமல் கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டிருக்கிறேன் போல. பதினோரு நொடி. தெரிவதெல்லாம் தரையும் என் வலது காலும். ரீங்காரம் மட்டும் முழுசாக இருக்கிறது. காலையிலிருந்து நாலு முறை போட்டுக் கேட்டுவிட்டேன்.

ஒற்றைச்செருப்பு:

அது இருக்கட்டும், ஆல்ஃபாமாவில் விழுந்தபோது காலில் என்ன போட்டிருந்தீர்கள்? நான் மார்ச்சில் போகிறேன்.

சன்னலோரம்:

அடி தேய்ந்த பழைய ஷூ. அதைப் போடாதீர்கள். சுவர்ப் பக்கமாக நடங்கள்.