ஏற்காடு அடிவாரப் பூங்காவின் கதைச் சிற்பங்கள்: எங்கிருந்து வந்தவை?

அஸ்தம்பட்டிக்காரன்:
மலை அடிவாரத்துப் பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும், சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் பாட்டி வேடத்தில் கட்டிலில் படுத்திருக்கும் ஓநாய், கண்ணாடிச் செருப்போடு சிண்ட்ரெல்லா. எல்லாமே டிஸ்னி படத்தைப் பார்த்துச் செய்தவை. சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டவா டிக்கெட் எடுக்கிறோம்? பஞ்சதந்திரம் இருக்கிறது, தெனாலிராமன் இருக்கிறான். இவற்றை எடுத்துவிட்டு நம் கதைகளை வைக்க வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கதைப்பித்தன்:
'எல்லாமே டிஸ்னி' என்பதை ஒத்துக்கொள்ள முடியாது அண்ணா. ஸ்னோ ஒயிட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மஞ்சள் பாவாடை, நீல ரவிக்கை, தலையில் சிவப்பு ரிப்பன். குள்ளர்களில் ஆறு பேருக்குத் தாடி, ஒருவருக்கு மட்டும் மொழுமொழு முகம். இது 1937இல் வந்த டிஸ்னி படமேதான். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில் குள்ளர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. அந்த முதல் பதிப்பில் கொல்லத் துடிப்பவள் சித்தியும் இல்லை, பெற்ற தாய். பிந்தைய பதிப்பில்தான் அவளைச் சித்தி ஆக்கினார்கள்.

ஆனால் ஓநாயைப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வேட்டைக்காரர் கத்தரிக்கோலோடு நிற்கிறார். 1697இல் பிரான்சில் பெரோ எழுதிய கதையில் வேட்டைக்காரரே இல்லை, ஓநாய் சிறுமியைத் தின்பதோடு முடிந்துவிடும். வயிற்றைக் கத்தரித்துப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு எடுப்பது கிரிம் கதை. சிண்ட்ரெல்லாவில் அப்படியே தலைகீழ். கண்ணாடிச் செருப்பு பெரோவுடையது, கிரிமில் தங்கச் செருப்பு. ஆக, மூன்று சிற்பத்துக்கும் மூலம் வேறு வேறு.

அஸ்தம்பட்டிக்காரன்:
தம்பி, டிஸ்னி படத்து சிண்ட்ரெல்லாவும் கண்ணாடிச் செருப்புதானே போட்டிருக்கிறாள்? சிற்பம் செய்தவர் பெரோவைப் படித்துவிட்டா சிமெண்டைக் குழைத்தார்? கதை எங்கே பிறந்தது என்பது ஒன்று, இந்தப் பொம்மை எங்கிருந்து வந்தது என்பது வேறொன்று. நான் கேட்பது இரண்டாவதை.

கதைப்பித்தன்:
சரி, இரண்டாவதற்கே வருகிறேன். நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்று ஒரு பூங்கா. ஓவியர் ஆன்டன் பீக் வரைந்து கொடுக்க, 1952இல் பத்துக் கதைகளோடு மரங்களுக்கு நடுவே ஒரு கதைக்காடு திறந்தார்கள். டிஸ்னிலேண்ட் திறந்ததே 1955இல்தான். கதை மாந்தர்களைத் தோட்டத்தில் உருவமாக நிறுத்தும் வழக்கம் டிஸ்னி கொடுத்தது இல்லை என்கிறேன்.

சுதைவேலை:
இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசி, எனாமல் அடிப்போம். எங்கள் கையில் வருவது ஒரு படம், அவ்வளவுதான். கதை எந்த நாட்டுடையது என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஆனாலும் அந்த ஓநாயின் கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளை விழி முழுக்கத் தெரிய, ஓரத்தில் சிவப்புக் கோடு இழுத்து, மேலே வளைத்துப் போட்ட புருவம். அது முனியப்பன் கண். எந்த வெளிநாட்டுப் படத்திலும் அது இருக்காது. மூலம் தேடுகிறவர்கள் செய்த கையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காபித்தோட்டத்து அக்கா:
நன்றாகச் சொன்னீர்கள். நம் கதை, அவர்கள் கதை என்று பிரிப்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பாட்டி வடை சுட்ட கதையை விட நமக்கு நெருக்கமானது எது? இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் லத்தீனில் ஃபீட்ரஸ் எழுதியதில் காக்கை வாயில் பாலாடைக்கட்டி. புத்த ஜாதகக் கதையில் நரி காக்கையைப் புகழ்ந்து வாங்குவது நாவல்பழம். பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும் எட்டாம் நூற்றாண்டில் அரபிக்கும் போனது. 1678இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டேன் தன் புதிய கதைகளில் பெரும்பகுதி இந்திய ஞானி பில்பாய் (பஞ்சதந்திரத்தை எழுதியவராக அங்கே சொல்லப்பட்டவர்) தந்தது என்று முன்னுரையிலேயே நன்றி சொன்னார். கதைகள் எல்லாப் பக்கமும் போய் வந்திருக்கின்றன.

அஸ்தம்பட்டிக்காரன்:
அக்கா, கதைகள் போய் வந்தன, சரி. போனதில் ஒன்றாவது இந்தப் பூங்காவில் நிற்கிறதா? 'எல்லாம் பொதுச்சொத்து' என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் அவர்களுடையது மட்டும் தங்கிவிடுகிறது, நம்முடையது பேச்சோடு போய்விடுகிறது. கொல்லிப்பாவை எங்கே? கொல்லிமலை 1997 வரை நம் சேலம் மாவட்டம்தானே. காற்று அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு கெடாத பாவை என்று நற்றிணை பாடுகிறது. சிற்பத்தைப் பற்றியே ஒரு கதை பக்கத்து மலையில் இருக்கும்போது சிற்பப் பூங்காவில் அதற்கு இடம் இல்லை என்றால் வயிறு எரிகிறது.

கதைப்பித்தன்:
கொல்லிப்பாவை வரட்டும், முதல் ஆளாகக் கை தட்டுவேன். அதற்காகக் கத்தரிக்கோல் வேட்டைக்காரரை ஏன் எடுக்க வேண்டும்? ஒவ்வொரு சிற்பத்தின் கீழும் எந்த ஊர்க் கதை, எப்போது எழுதப்பட்டது என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். இப்போது ஒரு பலகைகூட இல்லை. பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

காபித்தோட்டத்து அக்கா:
காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) சொல்லும் கதை. இதையும் சிலையாக்கலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: அது அவர்களின் குலவரலாறு. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல், அவர்கள் சம்மதிக்காமல் கைவைக்கக் கூடாது. கிரிம் கதைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, இதற்குக் கேட்டே ஆக வேண்டும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
பலகை வைப்பதற்கு நானும் சம்மதம், மனு எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். மலைக் கதைக்கு அனுமதி கேட்க வேண்டும் என்பதும் நியாயம். ஆனால் அந்த மஞ்சள் பாவாடையும் ஏழு குள்ளரும் நுழைவாயிலில் முதல் இடத்தில் நிற்பதை ஏற்கவே மாட்டேன். உள்ளே தள்ளி வைக்கட்டும். முன்னால் பாவை நிற்கட்டும்.