'லுக்ஸ் பியூட்டிஃபுல்' – இதுல பியூட்டிஃபுல் அட்ஜெக்டிவா அட்வெர்பா?

தறிநாடா:
பையன் ஆறாவது. வீட்டுப்பாடத்துல அடிக்கோடு போட்ட வார்த்தை என்ன பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்னு எழுதணும். 'எ பியூட்டிஃபுல் கார்டன்' அட்ஜெக்டிவ்னு போட்டுட்டான், 'த கார்டன் லுக்ஸ் பியூட்டிஃபுல்'னு வந்ததும் அட்வெர்ப்னு போட்டு மிஸ் சுழிச்சு அனுப்பிட்டாங்க. கேட்டா, எப்படி இருக்கு? அழகா இருக்கு, அப்ப வினையடைதானேங்கறான். எனக்கும் அவன் சொல்றது நியாயமாதான் படுது, யாராச்சும் விளக்குங்களேன்.

மொட்டைப் பென்சில்:
பையன் கெட்டிக்காரன்தான், ஆனா தமிழ்க் கணக்க இங்கிலீஷ்ல போட்டுட்டான். நமக்கு 'ஆன' வந்தா பெயரடை, 'ஆக' வந்தா வினையடை. தோட்டம் அழகா இருக்குன்னு சொல்லும்போது 'ஆக'தான் வரும், ஏன்னா பின்னாடி 'இரு'ங்கற வினை நிக்குது. இங்கிலீஷ்ல அப்படி இல்ல, அந்த வார்த்தை யாரப் பத்திப் பேசுதுன்னு பாக்கணும். தோட்டம் கண்ணு வச்சு எதையும் பாக்கல, தோட்டத்தோட லட்சணத்ததான் சொல்றாங்க, அதனால அட்ஜெக்டிவ்.

வெர்ப எடுத்துட்டு 'இஸ்' போட்டுப் பாக்கச் சொல்லுங்க. 'த கார்டன் இஸ் பியூட்டிஃபுல்' சரியா நிக்குதா, அப்ப அட்ஜெக்டிவ். 'த சூப் டேஸ்ட்ஸ் குட்' இதே கதை. ஆனா 'ஷி டேஸ்டட் த சூப் கேர்ஃபுல்லி'ல 'வாஸ்' போட்டா வாக்கியமே உடைஞ்சுரும், அங்க ருசி பாக்கறது அவ செய்யற வேலை, அதனால கேர்ஃபுல்லி அட்வெர்ப். லுக், ஸ்மெல், ஃபீல், சவுண்ட் எல்லாமே இப்படி ரெண்டு வேஷம் போடும்.

சும்மாவந்தேன்:
எல்ஒய்ல முடிஞ்சா அட்வெர்ப்னு மனப்பாடம் பண்ண வைக்காதீங்க ப்ளீஸ். ஃப்ரெண்ட்லி, லவ்லி, காஸ்ட்லி, கவ்வர்ட்லி (cowardly) எல்லாம் அட்ஜெக்டிவ். பெரும்பாலும் நவுன் கூட எல்ஒய் ஒட்டினா அட்ஜெக்டிவ், ஸ்லோ மாதிரி அட்ஜெக்டிவ் கூட ஒட்டினா அட்வெர்ப். ஃபாஸ்ட் ஒண்ணுமே ஒட்டாம ரெண்டுமா வரும். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்'னா நல்லா உழைக்கிறான், 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்'னா கிட்டத்தட்ட வேலையே செய்யறதில்லன்னு அர்த்தம் 😄

தறிநாடா:
'இஸ்' வழி அவனுக்குப் புடிச்சுப்போச்சு, நன்றி. 'ஸ்கூல் பஸ்'ல ஸ்கூல் அட்ஜெக்டிவ்னு கைடுல போட்டிருக்கே, அது சரியா?

மொட்டைப் பென்சில்:
என்னக் கேட்டா அது நவுன்தான், பக்கத்து நவுனுக்கு அடைமொழியா நிக்குது அவ்வளவுதான். 'வெரி ஸ்கூல் பஸ்'னோ 'த பஸ் இஸ் ஸ்கூல்'னோ யாரும் சொல்றதில்லயே. அதுக்காக இந்த ரெண்டு சோதனையையே நம்பி உக்காந்துராதீங்க, 'மெயின் ரோடு'ல மெயின் அட்ஜெக்டிவ்தான், ஆனா 'வெரி மெயின்' வராது, 'த ரோடு இஸ் மெயின்'னும் வராது. பழைய கிராமர் புத்தகங்க 'மை', 'திஸ்' எல்லாத்தையும் அட்ஜெக்டிவ் கணக்குல சேர்க்கும், புதுசுல டிட்டர்மினர்னு தனியா பிரிச்சிருப்பாங்க. பரீட்சைக்கு மிஸ் எத ஒத்துக்குவாங்கன்னு டைரில எழுதிக் கேட்டுக்கோங்க.