பின்னணியில் திடீரென ஒலி எழுந்தால் கண்ணால் கண்டதற்கு விரல் விரைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். முதுகலை உளவியல் செய்முறைக்காக ஒரு சோதனை செய்து வருகிறேன். திரையின் இடப்பக்கமோ வலப்பக்கமோ வட்டம் தோன்றியதும் அந்தப் பக்கத்து விசையை அழுத்த வேண்டும். பாதி முறைகளில், வட்டம் தோன்றுவதற்கு அரை நொடி முன்னதாக ஹெட்போனில் ஒரு 'பீப்' ஒலிக்கும். அது பக்கத்தைப் பற்றி எதுவும் உணர்த்துவதில்லை என்று பங்கேற்றவர்களிடம் முன்பே சொல்லிவிட்டேன். ஆயினும் ஒலி கேட்ட முறைகளில் விரல் முந்துகிறது, தவறான விசையை அழுத்துவதும் கூடுகிறது. ஒலியால் பார்வை கூர்மையடைகிறது என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில் 1:
அப்படி எழுத வேண்டாம். தவறுகள் கூடியிருப்பதுதான் உங்கள் முடிவுகளில் மிக முக்கியமான தடயம். பார்வையே கூர்மையாகியிருந்தால் வேகம் கூடும்போது தவறுகள் கூடியிருக்கக் கூடாது. மைக்கேல் போஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே நிலைதான் காணப்பட்டது: எச்சரிக்கைக் குறிப்பு கிடைத்ததும் எதிர்வினை விரைந்தது, பிழையும் பெருகியது. விழிப்பு உயரும்போது கண்வழித் தகவல் சேரும் வேகம் மாறுவதில்லை, சேர்ந்த தகவலைக் கொண்டு முடிவெடுக்கும் பகுதிதான் பொறுமையிழந்து முன்கூட்டியே செயல்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்னும் சிறு நரம்பணுத் தொகுதி வெளிவிடும் நார்எபினெஃப்ரின் என்ற வேதிப்பொருளுக்கு இந்த விழிப்பில் பெரும் பங்கு உண்டு.

பதில் 2:
முந்தைய பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும் 'விரல் மட்டும் வேகமாகிறது' என்று அதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. ஹாக்லியும் வாயே-இன்க்லானும் 1998-இல் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கையை அசைப்பதற்கான ஆயத்த அலை தொடங்குவதற்கு முன்புள்ள நேரம்தான் குறைந்திருந்தது. அந்த அலை தொடங்கியபின் விசை அழுந்தும் வரையிலான நேரம் குறையவில்லை. அதாவது, விரைந்தது கையசைவு அல்ல, அதற்கு முந்தைய கட்டம்.

பதில் 3:
எழுதும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஒலிக்கும் வட்டத்துக்கும் இடையில் எப்போதும் அரை நொடிதான் என்றால், அந்த 'பீப்' விழிப்பூட்டுவதோடு வட்டம் வரும் நேரத்தையும் அறிவித்துவிடுகிறது. இரண்டையும் பிரிக்க இடைவெளியை முறைக்கு முறை மாற்றுங்கள். ஒலி மட்டும் வந்து வட்டமே வராத முறைகளையும் ஆங்காங்கே சேருங்கள். வட்டம் தோன்றி 100 மில்லிநொடிக்குள் அழுந்திய விசைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை வட்டத்தைக் கண்டு அழுத்தியவை அல்ல. ஹெட்போன் கம்பியுள்ளதுதானே? புளூடூத் வழியாக ஒலி 100 மில்லிநொடிக்கு மேலும் தாமதிப்பது உண்டு.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. புளூடூத்தான் பயன்படுத்தினேன், ஆகவே நான் அரை நொடி என்று எழுதிய இடைவெளியே உண்மையில் குறைவாக இருந்திருக்கும். கம்பியுள்ள ஹெட்போனுடன், இடைவெளியை மாற்றி மாற்றி, முதலிலிருந்து மீண்டும் செய்கிறேன்.