தோள்பட்டைப் பிடிப்புக்கு எந்த ஜெல்? அப்பாவுக்கும் தடவலாமா?

கேள்வி:
வீடு மாற்றும்போது பீரோ தூக்கியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மெடிக்கலில் டைக்ளோஃபினாக் ஜெல் ஒன்று, மென்தால் களிம்பு ஒன்று என்று இரண்டை நீட்டுகிறார்கள். எதை வாங்குவது? தடவிவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? அப்பாவுக்கும் முதுகுவலி, ஆனால் அவர் இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில் 1:
இரண்டும் வேறு வேலை தம்பி. மென்தால், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் குளிர்ச்சி, எரிச்சல் காட்டி வலியை மறக்கடிக்கும். டைக்ளோஃபினாக்தான் வீக்கத்தைக் குறைக்கும். நம் கடைகளில் பல ஜெல்லில் மூன்றும் கலந்தே இருக்கும், அதனால் பெயரைப் பார்க்காமல் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். காயம்பட்ட தோலில் வேண்டாம். வலி மாத்திரையும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம்! ஜெல் தடவி மேலே வெந்நீர்ப் பை வைத்துத் தூங்கி, காலையில் முதுகில் கொப்புளத்தோடு எழுந்தவன் நான். இறுக்கிக் கட்டுப் போடுவதும் அப்படித்தான். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மறந்துபோய் கண்ணைக் கசக்கினால் தெரியும்.

பதில் 3:
அப்பா விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு, தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். டைக்ளோஃபினாக்கும் அவருக்குச் சந்தேகம்தான், இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

கேட்டவர்:
ஐயோ, நேற்றே அம்மா அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டார்கள். இப்போதே டாக்டருக்குப் போன் போடுகிறேன்.