.223-க்கும் 6.5 க்ரீட்மூருக்கும் ஒரே பவுடர் மெஷர் போதுமா?

பித்தளைப்பித்தன் (டெக்சஸ்):

வணக்கம். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் இரண்டு ரைஃபிளுக்கு ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட கேஸில் (பித்தளைக் கூடு) மறுபடி பவுடரும் புல்லட்டும் ஏற்றுகிறேன். ஏஆர்-15க்கு .223 தோட்டா, பவுடர் எச்335. போல்ட் ஆக்‌ஷனுக்கு 6.5 க்ரீட்மூர் தோட்டா, பவுடர் எச்4350. இப்போதைக்கு எல்லாமே கைவேலை: கரண்டியால் தட்டில் போட்டு, டிரிக்ளரால் (பவுடரைச் சொட்டுச் சொட்டாக விடும் குழாய்) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பீம் தராசில் எடை போடுகிறேன். 6.5-க்குப் பொறுமை இருக்கிறது. .223 நூற்றுக்கணக்கில் வேண்டும் என்பதால் இது கட்டுப்படியாகவில்லை.

பவுடர் அளந்து போடும் மெஷர்களில் பார்த்து வைத்திருப்பவை: லீ பர்ஃபெக்ட், ஆர்சிபிஎஸ் யூனிஃப்ளோ, ரெட்டிங் 3பிஆர், பிறகு தானே எடை போட்டு ஊற்றும் மின்கருவியான ஆர்சிபிஎஸ் சார்ஜ்மாஸ்டர் லைட். .223 நூறு கெஜத்தில் சுடத்தான், 6.5 அறுநூறு கெஜம் வரை போகும். ஒன்றை வாங்கி இரண்டுக்கும் ஓட்ட முடியுமா?

கடுகுமருந்து:

மெஷரின் பெயரை விடுங்கள், முதலில் பவுடரின் வடிவத்தைப் பாருங்கள். டிரம் மெஷர் (கைப்பிடியை இழுத்தால் சுழலும் உருளை, அதன் குழியில் நிறைந்த பவுடரைக் கீழே விடும்) எதுவும் எடையை அளப்பதில்லை, கொள்ளளவைத்தான் அளக்கிறது. படியில் கடுகை அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே எடை வரும். நறுக்கிய முருங்கைக்காயை அளந்தால் வராது. எச்335 கடுகு ரகம், உருண்டைப் பவுடர். ஒழுங்காகச் செய்த எந்த டிரம்மிலும் அது பிளஸ் மைனஸ் 0.1 கிரெயினுக்குள் (பவுடரை எடை போடும் அலகு, ஒன்று சுமார் 0.065 கிராம்) விழும். எச்4350 குச்சி ரகம். குட்டையாக வெட்டியது என்பதால் பழைய ஐஎம்ஆர் 4350 அளவுக்குப் படுத்தாது, ஆனாலும் 0.2, 0.3 என்று ஆடும்.

அந்த ஆட்டம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போடுங்கள். .223-க்கான 25 கிரெயினில் 0.1 என்பது 0.4 சதவீதம். நூறு கெஜத்தில் அதை யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. 6.5-க்கான 40 கிரெயினில் 0.3 என்றால் முக்கால் சதவீதம். அறுநூறு கெஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறுவதில் அது தெரியத் தொடங்கும். ஆகவே .223-க்கு மெஷரிலிருந்து நேராகக் கேஸுக்குள் போடுங்கள். 6.5-க்கு மெஷரை அரை கிரெயின் குறைவாக வைத்துத் தட்டில் விழவிட்டு, மீதியை டிரிக்ளரால் நிரப்புங்கள். தராசும் டிரிக்ளரும் ஏற்கெனவே இருப்பதால் டிரம் ஒன்றுதான் செலவு.

லீயைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் டிரம் ஓரத்தில் ரப்பர் மாதிரியான ஒரு வைப்பர் இருக்கிறது. குச்சி மாட்டினால் வெட்டாமல் வளைந்து கொடுக்கும். அதனால் விலை குறைந்த லீ, குச்சிப் பவுடரில் விலை கூடிய இரும்பு மெஷர்களுக்குச் சளைத்ததில்லை. சிக்கல் பொடி உருண்டைப் பவுடரில்தான்: டிரம்முக்கும் பிளாஸ்டிக் உடலுக்கும் நடுவே அது கசியும். திருகை இறுக்கினால் கசிவு குறையும், ஆனால் கைப்பிடி கனத்துவிடும். நீங்கள் அதிகம் போடப்போவது எச்335 என்பதால் இரும்பு உடல் உள்ள யூனிஃப்ளோ அல்லது ரெட்டிங் பக்கம் போங்கள்.

மூன்றாம்படி:

மேலே சொன்னதில் பெரிய மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மெஷரைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் குறை கையில்தான் இருக்கிறது. புதிதாக வந்தவுடன் செய்ய வேண்டியவை:

டிரம்மைக் கழற்றி, துரு பிடிக்காமல் பூசிய எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுங்கள். எண்ணெய் மீதமிருந்தால் பவுடர் சுவரில் ஒட்டும், முதல் நாள் எடை முழுக்கப் பொய். துடைத்த பின் கிராஃபைட் பொடி தேய்த்தால் நிலைமின்சாரமும் குறையும். அதன்பின் ஆடாத மேசையில் இறுக்கிப் பொருத்துங்கள். ஹாப்பரை (மேலே பவுடர் நிற்கும் குடுவை) முக்கால் வரை நிரப்புங்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மேலே அழுத்தும் பவுடரின் கனம் மாறினால் டிரம்முக்குள் அடைவதும் மாறும். இதைச் சமன்படுத்தத்தான் ஹாப்பருக்குள் பாஃபிள் தகடு வைப்பது. அது மெஷருடன் வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பிறகு பதினைந்து இருபது முறை போட்டு ஹாப்பரிலேயே திரும்பக் கொட்டுங்கள், பவுடர் படியட்டும். அளவு வைக்கும்போது ஒற்றைச் சார்ஜை (ஒரு கேஸுக்கான பவுடர்) நம்பாமல், பத்தைச் சேர்த்து எடை போட்டுப் பத்தால் வகுங்கள். சராசரி சரியான பிறகு தனித்தனியாகப் பத்து எடை போட்டு, கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். புத்தகத்தில் உள்ள உச்ச அளவை ஒட்டி ஏற்றுபவர் இந்த வித்தியாசத்தையும் கழித்துத்தான் மெஷரை வைக்க வேண்டும்.

கைப்பிடி மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒரே வேகம், முனையில் ஒரே மாதிரித் தட்டு. மேலே ஒரு தட்டு தட்டினால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும். குச்சி மாட்டிக் கைப்பிடி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி இழுங்கள், அந்தச் சார்ஜை ஹாப்பரில் கொட்டிவிடுங்கள். வெட்டுப்பட்ட நாலு குச்சி எரியும் வேகத்தைப் பெரிதாக மாற்றாது, எடைதான் தவறியிருக்கும்.

இதைவிட ஆபத்தானது டிராப் டியூபில் (பவுடர் கேஸுக்குள் இறங்கும் குழாய்) குச்சி குறுக்கே நின்று அடைப்பது, அதுவும் .22 அளவுக் கழுத்தில். ஒரு கேஸ் பாதியோடு நிற்கும், மீதி அடுத்த கேஸில் போய் விழும். ஒன்று குறை, ஒன்று மிகை. புல்லட் உட்காருவதற்கு முன் லோடிங் பிளாக்கில் (கேஸ்களை நிறுத்தும் கட்டை) எல்லாக் கேஸுக்குள்ளும் டார்ச் அடித்து, பவுடர் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷர் எதுவானாலும் இதை விடக்கூடாது.

எலெக்ட்ரிக்தராசு:

6.5-க்கு நான் டிரம்மை ஒப்புக்கொள்ள மாட்டேன். சார்ஜ்மாஸ்டர் லைட் ஒரு சார்ஜ் போட அரை நிமிடம் எடுக்கிறது என்று குறை சொல்கிறார்கள். அந்த நேரத்தில் முந்தின கேஸில் புல்லட்டை உட்காரவைத்தால் காத்திருப்பே இல்லை. ±0.1 கிரெயின், கையைப் பொறுத்து மாறாது.

ஆனால் அதற்கும் சில பழக்கங்கள் வேண்டும். ஆன் செய்து குறைந்தது அரை மணி நேரம் சூடாக விட்டுத்தான் கேலிபிரேட் செய்ய வேண்டும். ஏசி காற்றும் மின்விசிறியும் நேரே படக்கூடாது. செல்போன் பக்கத்தில் கூடாது. தட்டை எடுத்ததும் திரையில் வரும் மைனஸ் எண் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மாறினால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது என்று பொருள். குச்சிப் பவுடர் கடைசியில் கொத்தாக விழுந்து 0.2 கூடினால், சுழலும் குழாய்க்குள் மெக்டொனால்ட்ஸ் ஸ்ட்ராவில் ஒரு துண்டு செருகுவது எல்லோரும் அறிந்த வைத்தியம். துவாரம் சிறுத்து, ஒன்றிரண்டாக விழும்.

ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120ஐ தராசும் ஆட்டோடிரிக்ளரும் சேர்ந்தால் 0.02 கிரெயின் வரை பிரித்துக் காட்டும். இரண்டும் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டும். அறுநூறு கெஜத்துக்கு அது ஆடம்பரம்.

கடுகுமருந்து:

@எலெக்ட்ரிக்தராசு, 6.5 மட்டும் என்றால் உங்கள் பக்கம்தான். அவருக்குத் தலைவலி .223. நூற்றுக்கணக்கான உருண்டைப் பவுடர் சார்ஜை அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் போடுவது வீண். டிரம் இப்போது, எலெக்ட்ரானிக் பிறகு. எலெக்ட்ரானிக் வந்த பின்னும் பீம் தராசையும் செக் வெயிட்டையும் (எடை தெரிந்த கல்) விற்றுவிடாதீர்கள், அதைச் சரிபார்க்க அவைதான் சாட்சி.

பித்தளைப்பித்தன் (டெக்சஸ்):

நன்றி அண்ணன்மார்களே. ரெட்டிங் என்று முடிவு செய்துவிட்டேன். 3பிஆரா, பிஆர்-30ஆ? இன்னொன்று, வேலை பாதியில் நின்றால் பவுடரை ஹாப்பரிலேயே இரவு விட்டுவைக்கலாமா?

மூன்றாம்படி:

3பிஆரின் யுனிவர்சல் சேம்பர் 5 முதல் 100 கிரெயின் வரை அளக்கும். பிஆர்-30 10 முதல் 50 வரை மட்டும், அளவறை குறுகலானது. குறுகலான அறையின் வாயில் பவுடர் மட்டம் கொஞ்சம் மாறினாலும் அது எடையில் குறைவாகவே தெரியும். உங்கள் இரண்டு சார்ஜும் 50-க்குள் இருப்பதால் பிஆர்-30 பொருந்தும். நாளைக்குப் பெரிய மேக்னம் ஏதாவது வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3பிஆர்.

ஹாப்பரில் விட்டுவைக்க வேண்டாம். எச்335 நைட்ரோகிளிசரின் கலந்த டபுள் பேஸ், பிளாஸ்டிக்கை மெல்ல அரிக்கும். வெளிச்சமும் ஈரமும் பவுடரைக் கெடுக்கும். அதைவிட, நாலு நாள் கழித்து வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று மறந்துபோய், மேலேயே எச்4350-ஐக் கொட்டினால் விபரீதம். எச்335 அதைவிட மிக வேகமாக எரிவது. மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா, அதுவும் மெஷருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்ததும் அதே டப்பாவில் திரும்ப ஊற்றுங்கள்.

ஊற்றிய பிறகும் டிரம்முக்குள் ஒரு சார்ஜ் நிற்கும். கைப்பிடியை ஏழெட்டு முறை ஆட்டி, டிராப் டியூபை விரலால் தட்டிக் காலி செய்யுங்கள். எது என்று தெரியாத பவுடர் மெஷரில் கிடந்தால் எந்தக் கேஸிலும் போடாதீர்கள். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) டப்பா திறந்தால் மெஷரின் அளவுத் திருகில் உள்ள பழைய மைக்ரோமீட்டர் எண்ணை நம்பாமல் பத்துச் சார்ஜ் எடையை மறுபடி பாருங்கள்; அடர்த்தி லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும்.