மழையில் மரத்தில் ஏறலாமா, தண்டவாளத்தில் இறங்கலாமா? பார்த்தவர்கள், செய்தவர்கள் சொல்லுங்கள்

மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். போன ஆடியில் எங்கள் தெருவில் நடந்ததை யாரிடமாவது முழுதாகச் சொன்னால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது.

அன்று ரெட் அலர்ட். 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்றால்தான் வானிலைத் துறை சிவப்பு போடும், அதனால் பள்ளிக்கூடங்கள் லீவு, என் பெண்ணும் வீட்டில். எதிர் ஹவுசிங் சொசைட்டி குடியிருப்பின் வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பக்கம் வரிசையாக நிற்குமே அதே ஜாதி. அதன் ஒரு கிளை இரண்டு நாள் மழையில் இறங்கி கேட்டுக்கு மேலே தொங்கியது. யார் கார் மேலாவது விழுந்துவிடும் என்று சொசைட்டிக்காரர்கள் ஒரு கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்கள். பதினொரு மணிக்கு டெம்போவில் நாலு பேர் வந்தார்கள். ஒரு பையன் இடுப்பில் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினான். ஹெல்மெட் இல்லை, பெல்ட் இல்லை. கையில் ரம்பம், முதுகில் செருகிய அரிவாள்.

நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாதிக் கிளை அறுத்திருப்பான், மழை திரை மாதிரி இறங்கியது. கீழே நின்ற முகாதம், அதாவது மேஸ்திரி, இறங்கு இறங்கு என்று கத்துவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, நாற்பதடி உயரத்தில் இலைகளுக்குள் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும்? நனைந்த கிளை உலர்ந்த கிளை மாதிரி ஒடியாது. பாசி, புல்லுருவி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கனம் ஏறியிருக்கும், பாதி அறுத்ததும் மீதி நாராகக் கிழிந்துகொண்டு இறங்கும். அப்படித்தான் கிழிந்தது. அடிக்கட்டை ஒரு சுற்று சுற்றி அவன் தோளில் அடித்தது. கயிறு பிடித்ததால் விழவில்லை, கவட்டையில் ஒரு கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கினான்.

இறக்கிப் படுக்க வைத்தபோது நானும் கீழே ஓடினேன். நெஞ்சு முழுக்கப் பச்சைப் பாசி அப்பியிருந்தது. உள்ளங்கால் இரண்டும் வெளுத்து, மணிக்கணக்கில் ஊறிய துணி மாதிரி சுருங்கியிருந்தது. என்னிடம் ஹிந்தியில் தண்ணீர் கேட்டான், நான் வீட்டுக்குள் பார்த்துத் தமிழில் குரல் கொடுத்ததும் அவனும் தமிழுக்கு வந்துவிட்டான். தாராவியில் பிறந்தவன், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஏன்டா தம்பி இந்த மழையில் ஏறினாய் என்றேன். "ஏறலைன்னா இன்னைக்குக் கூலி இல்லண்ணே, நேத்தும் ஏறல." அவ்வளவுதான் சொன்னான். நாள் கூலி 900 ரூபாய்.

மழையில் வேலை செய்யலாமா கூடாதா என்று நாம் பேசுகிறோம். அந்தக் கேள்வியை அந்தப் பையனிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

டோம்பிவிலி, ஓய்வு பெற்ற டிராக்மேன்:

தம்பி, உங்கள் தெருப் பையன் நல்லபடியாக எழுந்து நடக்க வேண்டும், முதலில் அது.

நான் முப்பத்திரண்டு வருஷம் ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் இருந்தவன், கடைசிப் பத்து வருஷம் கீமேன், தினமும் பாதையில் நடந்து பார்த்துத் தளர்ந்ததை முடுக்குபவன். மரத்துக்கும் ரயிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை இங்கே சொல்லியாக வேண்டும். ரயில்வேயில் மழைக்காக மட்டுமே ஒரு வேலை உண்டு, மழைக்கால ரோந்து. மழை வந்தால்தான் அந்த ஆளுக்கே வேலை. ராத்திரி டார்ச், சிவப்பு விளக்கு, விசில், பையில் டெட்டனேட்டர் என்கிற எச்சரிக்கை வெடி, இதோடு தன் எல்லைக்குள் நடக்க வேண்டும். ஜல்லி அரித்திருக்கிறதா, பாலத்தடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, மலைச் சரிவிலிருந்து கல் உருண்டிருக்கிறதா, எல்லாம் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. மழை பெய்கிறது என்று அவன் குடிசையில் உட்கார்ந்தால் பின்னால் வரும் வண்டியில் ஆயிரம் பேர்.

2003 ஜூன் 22 ராத்திரி கொங்கண் பாதையில் வைபவ்வாடி பக்கம் பாறை சரிந்து வண்டி தடம் புரண்டதில் ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். இப்போது அந்தப் பாதையில் மழைக்காலத்துக்கு என்று தனி டைம்டேபிள், வேகமும் குறைவு.

எனக்கு நடந்தது கசாரா மலைப்பாதையில். விடியற்காலை மூன்று மணி இருக்கும். வளைவு திரும்பினால் தண்டவாளத்தின் மேல் சேறும் கல்லும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. விதி என்ன தெரியுமா? அந்த இடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. தகர டப்பி மாதிரி இருக்கும், தண்டவாளத்தின் மேல் வைத்துக் கட்டினால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். எங்கள் கேங்கில் பட்டாக்கா என்போம். கொட்டும் மழையில், ஜல்லி மேல், ஒரு கையில் சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டு 1200 மீட்டர் ஓடிப் பாருங்கள். ஓடினேன். மூன்றாவதைக் கட்டும்போது விரல் மரத்துப்போய்ப் பட்டையை மடக்க முடியவில்லை, பல்லால் கடித்து மடக்கினேன். வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார், ஒன்றும் பேசவில்லை.

அதனால் ரோந்து மழையில் போகத்தான் வேண்டும். ஆனால் மழையில் தண்டவாளத்தில் குனிந்து செய்யும் சாதாரண வேலை இருக்கிறதே, போல்ட் முறுக்குவது, ஜல்லி அள்ளுவது, அது நிற்க வேண்டும். ஏன் என்றால் காது. ரெயின்கோட் தொப்பியைப் போட்டால் அதன் மேல் மழை அடிக்கிற சத்தம்தான் கேட்கும், வேறொன்றும் கேட்காது. லோக்கல் வண்டி சரக்கு வண்டி மாதிரி தூரத்திலிருந்தே இரைச்சல் போட்டுக்கொண்டு வராது, சட்டென்று வந்து நிற்கும். ஈரத் தண்டவாளத்தில் பிரேக்கும் தள்ளித்தான் பிடிக்கும். தள்ளி நிற்கும் லுக்-அவுட் ஆள் விசில் ஊதினாலும் கேட்காது. நாங்கள் தொப்பியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு நனைந்துகொண்டே வேலை செய்வோம். நனைந்தால் காய்ச்சல்தான் வரும்.

முலுண்ட், மின்கம்பிப் பிரிவில் வேலை:

ஐயா சொன்னதோடு ஒன்று. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். மும்பையில் முன்பு 1,500 வோல்ட் டி.சி.தான், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கடைசியில் 2016-இல் ஹார்பர் லோக்கல் பாதையும் ஏ.சி. மின்சாரத்துக்கு வந்தது. கரண்ட் ஓடும் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் ஆளோ கருவியோ போகக் கூடாது என்பது விதி. நனைந்த கிளை, நனைந்த மூங்கில், நனைந்த கயிறு எல்லாமே கரண்ட் கடத்தும். வெளி ஆட்கள் வந்து, கம்பியில் விழுந்து கிடப்பது வெறும் கிளைதானே என்று கொக்கி போட்டு இழுக்கப் பார்த்ததை நானே இரண்டு முறை தடுத்திருக்கிறேன். பவர் பிளாக் வாங்கி, அதாவது கரண்டை நிறுத்த வைத்து, கம்பியில் டிஸ்சார்ஜ் ராட் என்கிற கம்பை மாட்டி மிச்சக் கரண்டைத் தரைக்கு இறக்கி எர்த் பண்ணின பிறகுதான் கிளையைத் தொடவே வேண்டும். அதற்கு நேரம் ஆகும். நின்றுபோன வண்டியில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகத் திட்டுவார்கள், சிலர் தண்டவாளத்தில் இறங்கி நடப்பார்கள். அந்த நேரம்தான் எங்கள் உயிர். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் இருந்தால் ஏணி, மேல்கம்பி வேலைக்கான டவர் வேகன் வண்டி எதிலும் ஏறக் கூடாது. அதில் பேச்சே இல்லை.

செம்பூர், நர்ஸ்:

எல்லாம் சரி அண்ணே, ஆனால் மறுபக்கத்தையும் யோசியுங்கள். 2005 ஜூலை 26 அன்று நான் டிரெய்னிங்கில் இருந்தேன். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். குர்லாவில் வண்டி நின்று, இடுப்புத் தண்ணீரில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது பேராக நடந்து செம்பூர் வந்தோம். 2019-இல் மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸ் பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் வெள்ளத்தில் நின்றபோது ஆயிரம் பேருக்கு மேல் படகில் மீட்டார்கள். ஆம்புலன்ஸ் போகிற வழியில் மரம் விழுந்து கிடந்தால் மழை விடட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. என் ஷிப்டுக்கு வரும் நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது.

ஆகவே விழுந்துவிட்ட மரத்தை அகற்றுவதும் நிற்கிற மரத்தில் ஏறுவதும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன். வழியை மறித்துக் கிடப்பதை மழையிலும் எடுக்க வேண்டும், கால் தரையில் இருக்கிறது, கம்பி எதுவும் சிக்கியிருக்கவில்லை என்று உறுதியானால். நிற்கும் மரத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கிவிட்டால் போதும், எதற்கு ஒருவனை மேலே ஏற்ற வேண்டும்? 2020 ஆகஸ்ட் 5 அன்று கொலாபாவில் 107 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது, அடுத்த மே மாதம் டவ்தே புயலில் 114. அந்தக் காற்றில் எந்த மரத்தையும் நம்பக் கூடாது. சுற்றிலும் சிமெண்ட் போட்டு மூடிய மரத்துக்கு வேர் ஓட இடம் ஏது, மண் ஊறிவிட்டால் அடியோடு சாயும்.

சயான் கோலிவாடாவிலிருந்து:

என் வீட்டுக்காரர் மரம் வெட்டும் கேங்கில் கான்ட்ராக்டில் இருந்தார். எல்லாரும் மரத்திலிருந்து விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இவர் விழவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தேங்கின தண்ணீரில் நின்று நாள் முழுக்கக் கிளை இழுத்தார். காலில் சின்ன வெட்டு, முள் கீறினது. ஆறாம் நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை என்று சுவரில் முட்டிக்கொண்டார். கண் மஞ்சளாகிவிட்டது. லெப்டோ, எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காயத்தோடு நின்றால் வரும். சிறுநீரகம் வரைக்கும் போய்ப் பிழைத்து வந்தார். வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்கள் மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்த்து டாக்ஸிசைக்ளின் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறார்கள்தான். சொல்வது டி.வி.யில். இவர்கள் டி.வி. பார்க்கிற நேரத்தில் தண்ணீருக்குள் நிற்கிறார்கள். ஒரு ரப்பர் கம் பூட் கொடுத்திருந்தால், சாயங்காலம் அந்த மாத்திரையை முகாதமே கையில் கொடுத்திருந்தால் நாங்கள் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டோம்.

ஏறாதே, போகாதே என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா அண்ணே. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், நாலு மாசம் மழை. மழையில் வேலை இல்லை, கூலியும் இல்லை என்றால் நாலு மாசம் அடுப்பு எப்படி எரியும்? மழைக்கு நின்ற நாளுக்கும் கூலி கொடுங்கள், அப்புறம் பாருங்கள், ஒருத்தரும் ஏற மாட்டார்கள்.

மாட்டுங்கா, மேலே முதலில் எழுதியவன்:

அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.

எதிர் சொசைட்டிக் கூட்டத்துக்கு நானும் போனேன், என் கட்டடம் இல்லை என்றாலும். முதலில் ஒருவர், கான்ட்ராக்டர் பாடு, நமக்கென்ன என்றார். போன் போட்டது நாம், அவன் ஏறியது நம் கார் மேல் கிளை விழுந்துவிடக் கூடாது என்று. நான் அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு வயதான அம்மா, மழைக்காகக் காத்திருந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்கு கேட்டார். நாலு ஆளுக்கு ஒரு நாள் கூலி 3,600 ரூபாய். ஐம்பத்தாறு வீடு. ஒரு வீட்டுக்கு 65 ரூபாய்கூட வரவில்லை.

அடுத்த கான்ட்ராக்ட் தாளில் மூன்று வரி சேர்த்திருக்கிறார்கள். கிளை கழிப்பது அனுமதி வாங்கி மே மாதத்துக்குள் முடிய வேண்டும். மழை பெய்யும்போதும் காற்று அடிக்கும்போதும் ஆள் மேலே ஏறக் கூடாது, பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் எப்போதுமே கூடாது. வந்த பிறகு மழையால் வேலை நின்றால் அந்த நாளின் முழுக் கூலி சொசைட்டி கொடுக்கும். உங்கள் சொசைட்டியில் போட வேண்டும் என்றால் சொல்லுங்கள், வரிகளை அப்படியே அனுப்புகிறேன்.

அந்தப் பையன் இந்த மே மாதம் அதே மரத்துக்கு வந்தான். காரை எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, அதனால் கீழே நின்று கயிறு பிடித்தான். மேலே வேறொருவன், பெல்ட்டோடு. மூன்று மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, பருவத்துக்கு முந்திய மழை. முதல் தூறல் விழுந்ததும் யாரும் சொல்லாமலே இவன் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தான், மேலே இருந்தவன் ரம்பத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். நாலு பேரும் எங்கள் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.