பாஸ்குவில் "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேல்" வசனத்தை வைக்கலாமா?

கேள்வி (பங்கு இளையோர்):

இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்கில் பாஸ்கு, அதாவது இயேசுவின் பாடுகளின் நாடகம், போடுகிறோம். கதைவசனம் தாத்தா காலத்து நோட்டு. ரோம ஆளுநர் பிலாத்து கை கழுவியதும் கூட்டம் மொத்தமும் மேடை முன்னால் வந்து "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும்" என்று மூன்று தடவை கத்த வேண்டும், பின்னால் மேளம். யூதர்களாக வருகிறவர்களுக்கு எல்லாம் கறுப்பு அங்கி, ஒட்டுத் தாடி, மெழுகு வைத்த கொக்கி மூக்கு. பிலாத்து மட்டும் பாவம், நல்ல மனுஷன். போன வருஷம் தியானத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் "அந்த வார்த்தைதான் ஹிட்லர் காலத்தில் பலித்தது" என்றே சொல்லிவிட்டுப் போனார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு உறுத்துகிறது. வசனமோ மத்தேயு 27:25இல் அப்படியே இருக்கிறது, அதை எடுத்தால் வேதத்தையே வெட்டினீர்கள் என்பார்கள். இயேசுவின் சாவுக்கு யார் பொறுப்பு என்று திருச்சபை சொல்கிறது?

பதில் (மறைக்கல்வி ஆசிரியர், ஓய்வு):

பிரசங்கியார் சொன்னது கத்தோலிக்கப் போதனை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுப்பேரவை) 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏட்டின் 4ஆம் பகுதியைப் படியுங்கள். யூதத் தலைவர்களும் அவர்கள் பின்னால் போனவர்களும் இயேசுவைக் கொல்லச் சொல்லி நெருக்கினார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பழியை அன்று வாழ்ந்த யூதர் எல்லார் மேலும் போடக்கூடாது, இன்றைய யூதர் மேல் போடவே கூடாது என்கிறது. இந்த ஏடு வந்ததற்குப் பின்னணியில் ழூல் இசாக் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் இருக்கிறார். மனைவியையும் மகளையும் ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பறிகொடுத்த யூதர். 1960இல் திருத்தந்தை 23ஆம் யோவானை நேரில் பார்த்து, கிறிஸ்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதையே மாற்றச் சொல்லிக் கேட்டார்.

"இதெல்லாம் புதுசாகக் கிளப்பியது" என்று யாராவது சொன்னால், 1566இல் வந்த திரிதெந்தின் சங்க மறைக்கல்வி நூலைக் காட்டுங்கள். யூதர்கள் அறியாமல் செய்தார்கள், நாமோ அவர் யார் என்று தெரிந்தே பாவம் செய்கிறோம், ஆகவே நம் குற்றம்தான் பெரிது என்கிறது அது. நானூறு வருஷம் அலமாரியில் கிடந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊர் ஊராகப் பிரசங்கத்தில் ஓடியது வேறு சரக்கு. அந்தச் சரக்கும் பழசுதான்: 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோவின் பாஸ்கா விழா உரையிலேயே இஸ்ராயேல் கடவுளைக் கொன்றது என்று சொல்லியாகிவிட்டது.

பதில் (சரித்திரப் பிரியன்):

உங்கள் பிலாத்துவைத்தான் முதலில் திருத்தவேண்டும். சிலுவை ரோமர்களுடைய தண்டனை, தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றமும் "யூதரின் அரசன்", அதாவது ராஜத்துரோகம். அதே காலத்து யூத அறிஞர் அலெக்சாந்திரியா பிலோ எழுதியதில் பிலாத்து லஞ்சம் வாங்குகிறவன், விசாரணை இல்லாமலே ஆட்களைக் கொல்கிறவன். கடைசியில் கெரிசிம் மலைக்குப் போன சமாரியரை வெட்டிப் போட்டதற்காகத்தான் பதவியே போயிற்று. அப்படிப்பட்ட ஆள் ஒரு தச்சனுக்காகக் கண்ணீர் விட்டான் என்று மேடையில் காட்டினால் எப்படி?

யூதரின் தலைமைக் குரு கயபாவையும் ரோம ஆளுநர்தான் நியமித்தான். தலைமைக் குருவின் திருவிழா அங்கியைக்கூட ரோமர்கள் அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்து, விழா வரும்போது எடுத்துக் கொடுப்பார்களாம், முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். உடுப்புக்கே அனுமதி கேட்கிற நிலையில் இருந்த ஆள் அவர். "ரோமர் வந்து நம் கோவிலையும் மக்களையும் அழித்துவிடுவார்கள்" என்ற பயம் யோவான் 11:48இல் இருக்கிறதே, உங்கள் நோட்டில் அது இருக்கிறதா பாருங்கள். குற்றம் இல்லை என்று சொல்லவரவில்லை. அது ஒரு சிறு அதிகாரக் கூட்டத்தின் குற்றம்.

பதில் (வேதமே போதும்):

எல்லாம் சரி, ஆனால் உலகத்துக்கு நல்ல பெயர் வாங்க வேதத்தை மழுப்பக்கூடாது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு "நீங்கள் சிலுவையில் அறைந்த இந்த இயேசு" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார் (அப்போஸ்தலர் நடபடிகள், அப். 2:36). யூதர் கர்த்தராகிய இயேசுவைக் கொன்றார்கள் என்று பவுல் எழுதிய 1 தெசலோனிக்கேயர் 2:15ஐ என்ன செய்வீர்கள்? அப்புறம், எல்லாம் தேவ திட்டம் என்றால் யாருக்குமே பொறுப்பு இல்லையா?

பதில் (சி.எஸ்.ஐ. வாலிபர் சங்கம்):

பேதுரு அதை எருசலேமில், சம்பவம் நடந்து இரண்டு மாதம் கூட ஆகாத நிலையில் சொன்னார். அடுத்த அதிகாரத்திலேயே "நீங்களும் உங்கள் அதிகாரிகளும் அறியாமையினாலே செய்தீர்கள்" என்கிறார் (3:17). இப்போது 13ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் ஜெப ஆலயத்தில் பவுல் பேசுகிறார், எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் யூதர்தான். அங்கே "நீங்கள்" என்று வரவில்லை, "எருசலேமில் குடியிருக்கிறவர்களும் அவர்கள் அதிகாரிகளும்" என்றுதான் வருகிறது (13:27). அதே தலைமுறையில், வேறு ஊர் யூதர் மேலேயே அப்போஸ்தலன் பழியைப் போடவில்லை, 1900 வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைகள் மேல் போட நாம் யார்? தெசலோனிக்கேயரில் பவுல் தன் சொந்த ஜனத்தின் மேல் கோபப்படுகிறார், அதே ஆள் ரோமர் 11இல் "தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ? தள்ளிவிடவில்லையே" என்கிறார்.

தேவ திட்டம் பற்றி: அப். 4:27-28இல் ஏரோது, பொந்தியு பிலாத்து, புறஜாதியார், இஸ்ரவேல் ஜனங்கள் என்று நான்கு பேரையும் ஒரே வரியில் நிறுத்திவிட்டு, தேவன் முன் குறித்ததையே செய்தார்கள் என்று முடிக்கிறார்கள். யூதாஸைப் பற்றி இயேசு சொன்னதும் இதேதான், மனுஷகுமாரன் எழுதியிருக்கிறபடியே போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஐயோ. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று வேதம் விளக்கவில்லை, நானும் விளக்கப் போவதில்லை. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்" என்று அவரே சொல்லியிருக்கும்போது (யோவான் 10:18) கொலைகாரனைத் தேடி நாம் ஊரைச் சுற்றுவதுதான் வேடிக்கை.

பதில் (வேதமே போதும்):

13:27 நல்ல வசனம். ஆனாலும் மத்தேயு 27:25ஐ வெட்டக்கூடாது என்பதில் நான் மாறவில்லை.

பதில் (சரித்திரப் பிரியன்):

வெட்டின ஊர் ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஓபராமெர்காவ், 1634இலிருந்து பாஸ்கு போடுகிற ஊர். 1934இல் ஹிட்லர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், பிற்பாடு அந்த நாடகத்தைப் பாராட்டவும் செய்தான். 2000ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் அந்த வசனத்தை எடுத்துவிட்டார்கள். நாடகம் வாசகம் இல்லை. திருப்பலியில் வாசிப்பதை யாரும் வெட்டவில்லை.

பதில் (மறைக்கல்வி ஆசிரியர், ஓய்வு):

தம்பி, இன்னொன்று. பாஸ்குவில் சிலுவைப் பாதையில் ஒப்பாரி வைக்கும் எருசலேம் பெண்கள் (லூக்கா 23:27) யூதர் இல்லாமல் யார்? மாதா? பேதுரு? தீர்ப்புக்கு உடன்படாத யூதத் தலைமைச் சங்க உறுப்பினர் அரிமத்தியா யோசேப்பு? அவர்களுக்கு வெள்ளை அங்கி, மற்றவர்களுக்கு மட்டும் கொக்கி மூக்கா?

கேள்வி கேட்டவர்:

மூக்கு போயாயிற்று, மெழுகை நேற்றே தூக்கிப் போட்டுவிட்டோம். வசனத்தைக் கூட்டம் முழுக்கக் கத்தாமல், கயபாவோடு நிற்கிற ஐந்தாறு பேர் ஒரு தடவை சொல்வதாக வைத்திருக்கிறோம், பங்குத்தந்தை சரி என்றார். கயபாவுக்கு யோவான் 11:48ஐ வைத்துப் புதுசாக ஒரு காட்சி எழுதுகிறேன். பிலாத்துவாக நடிக்கிற அண்ணன்தான் கோபத்தில் இருக்கிறார், அழுகிற வசனம் எல்லாம் போய்விட்டதாம்.